கையெழுத்துக்கு மேலே ஒரு பிழை

என் நாத்தனாருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் திருத்தக்கா. அது அவருக்கும் தெரியும். கோபப்பட மாட்டார். “எழுதும்போது ரெண்டு எடத்துல புள்ளி வரும், அத விட்டுடாதீங்க” என்று மட்டும் சொல்லுவார். இருபத்தாறு வருஷமாக இவரோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகிறேன். ஊர் கூடி ஒரு மாலை போடுவதென்றால் எனக்குத்தான் போட வேண்டும்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம் தட்டச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவர் பெண் பார்த்துவிட்டுப் போய் ஆசையாகக் கடிதம் எழுதினாராம். அதில் ஏழு பிழைகள். அண்ணி சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பாவம், அந்த மனிதர் நல்லவர்போல. ஏழையும் சரிசெய்து மறுபடியும் எழுதினார். அதில் புதிதாக இரண்டு. அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். ஒருநாள் காலை ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில், ‘பால் கெட்டுபோகும், குடித்துவிடவும்’ என்று எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ‘கெட்டு’க்கும் ‘போகும்’க்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு ‘ப்’ உட்கார்ந்திருக்கிறது. பால் கெட்டுப்போயிருக்கிறது. இந்த மனுஷியை என்ன செய்வது, சொல்லுங்கள்.

பணி ஓய்வுக் கூட்டத்தில் அதிகாரி, “இவர் கைபட்ட தாளில் ஒரு பிழைகூட வெளியே போனதில்லை” என்று பேசி ஒரு கேடயம் கொடுத்தார். கேடயத்தில் ‘பாராட்டு சான்று’ என்று பொறித்திருந்தது. அண்ணி வீட்டுக்கு வந்த கையோடு நகப்பூச்சை எடுத்து, இடையில் ஒரு ‘ச்’ எழுதிய பிறகுதான் சுவரில் மாட்டினார். நகப்பூச்சு என்னுடையது.

இப்படிப்பட்டவரால் எங்கள் வீடே போகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது. இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் அவர்கள். (கரை என்றதும் எல்லோர் வாயிலும் வரும் அந்தப் பழமொழியைத் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.) வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வரைபடம் போட வந்தவர்கள், இரண்டு கரையிலும் ஆற்றை ஒட்டிய பகுதிக்கு மஞ்சள் தீட்டி, ‘ஆளில்லா நிலம்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆளில்லாத நிலமெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பது அவர்கள் கொள்கை. ஆள் இருக்கிறார்களா என்று ஒருவராவது இறங்கி வந்து பார்த்தாரா என்றால் இல்லை. அவன் போய் இத்தனை காலம் ஆகியும் அந்த மஞ்சள் போகவில்லை. இரத்தம், அயோடின், துரு என்று எத்தனையோ கறைகளை எடுத்தவள் நான். காகிதத்தில் விழுந்த இந்தக் கறைக்கு மட்டும் என்னிடம் மருந்து கிடையாது. வீடு கட்டியிருக்கிறோம், வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம். காகிதத்தில் மட்டும் நாங்கள் இல்லை.

போன வருஷம் மின்கம்பத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆற்றோரம் சாலை வரப்போகிறது. பழைய பதிவு தவறு என்பதற்கு அரசாங்கத் தரப்பிலேயே எழுத்துச் சான்று எந்தக் கரைக்கு இருக்கிறதோ அதற்கு உரிமைப் பத்திரம். இல்லாத கரை காலி செய்ய வேண்டும். முடிவு செய்ய ஒரு விசாரணை வைப்பார்களாம். எங்கள் தெருவில் அறுபத்து நாலு வீடு. பதினேழாவது எங்களுடையது. அதன் பின்சுவரை நானும் என் வீட்டுக்காரரும் விடுமுறை நாள்களில் நாங்களே செங்கல் அடுக்கிக் கட்டினோம். அது லேசாகச் சாய்ந்திருக்கும், ஆனால் எங்களுடையது.

சான்றுக்கு எங்கே போவது என்று எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கடிதம் கிடைத்தது. அந்தக் காலத்தில் இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே சங்கம் இருந்திருக்கிறது. அதன் செயலாளர் இறந்தபிறகு, அவர் மகன் பரணைச் சுத்தம் செய்யும்போது அகப்பட்டதாம். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஊரெல்லாம் மதித்த ஒரு தலைவர், மந்திரியாக இருந்தபோது கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம். எங்கள் கரைக் குழுவுக்குத் தலைவரான மரக்கடைக்காரர், அதன் நகலைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு தெருமுனையில் நின்று உரக்கப் படித்தார்:

“முந்தைய ஆட்சியினர் இந்த ஆற்றோரத்தை ஆளில்லா நிலம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டிச் சென்றது, மேசையை விட்டு எழுந்திருக்காமல் செய்த வேலை. இக்கரையில் அன்றைக்கே தொண்ணூறு குடும்பங்கள் வாழ்ந்ததைக் குடிக்கணக்குப் புத்தகத்தில் நானே பார்த்தேன். இருக்கிறவர்களை இல்லை என்று எழுதிய கொள்கையை நாம் தொடர்ந்து சுமக்க வேண்டியதில்லை.”

கீழே மைப்பேனாவில் கையெழுத்து. அவர் பார்த்த புத்தகம் அடுத்த வருஷத்து வெள்ளத்தில் போய்விட்டது. மிச்சம் இந்த ஒரு தாள்தான்.

தெருவே கைதட்டியது. மறுநாளே மரக்கடைக்காரர் பெரிய பதாகை எழுதிக் கட்டினார்: ‘இக்கறை மக்கள் உரிமைக் குழு’. கறை! தெருவே அழுக்கு என்று நாங்களே எழுதித் தொங்கவிட்டதுபோல. நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போய், “அண்ணி, சீக்கிரம் வந்து பாருங்க, உங்களுக்கு வேல வந்திருக்கு” என்று கூப்பிட்டேன்.

வந்தார். பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கடிதத்தின் நகல் மூன்று நாள் எங்கள் மேசையில் கிடந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு அதன்மேல் பாயாமல், அதைத் தொடாமல், அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டார். ஒருவேளை உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்த்தேன்.

நான்காம் நாள் காலை, அந்தக் கரையிலிருந்து கணக்கு வாத்தியார் படகேறி வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அவர்கள் குழுவுக்குத் தலைவர். கூடத்தில் உட்கார்ந்து, தேநீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கோடு போட்டதுபோல நேராக வைத்துவிட்டுப் பேசினார்.

“அந்தக் காலத்துல தலைவர் வந்தா அரசாங்க விருந்தினர் விடுதியிலதான் தங்குவார். விடுதி இருக்கிறது எங்க கரையில. எங்க கரையில உக்காந்து ஒருத்தர் ‘இக்கரை’ன்னு எழுதினா அது எங்க கரைதானே? உங்க கரை எப்படி ஆகும்?”

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இஞ்சின் தவிர வேறு எதனோடும் சண்டை போட மாட்டார். வாத்தியார் சொன்னாலும் ஆட்டுவார், நான் சொன்னாலும் ஆட்டுவார்.

“அவரு எங்க உக்காந்து எழுதினாருன்னு யாருக்கு சார் தெரியும்?” என்றேன். “தாள்ல தலைநகர் ஆபீஸ் முகவரிதானே அச்சடிச்சிருக்கு?”

“தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க” என்று கடிதத்தின் இடப்பக்கக் கீழ்மூலையைக் காட்டினார். தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகள் இரண்டு, பொடியாக. “இதைத்தான் கேக்க வந்தேன். அம்மா, இது நீங்கதானே?”

அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நான்தான்” என்றார்.

“எந்தக் கரையில வெச்சு அடிச்சீங்க?”

“விசாரணையில சொல்றேன்.”

அன்றைக்கு நடந்த சண்டையை இப்போது நினைத்தாலும் என் கழுத்து நரம்பு புடைக்கிறது. வாத்தியார் போனதும் மரக்கடைக்காரர் வந்தார். “அக்கா, இந்தக் கரையிலதான் அடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க போதும். அறுபத்து நாலு வீடு பொழச்சுடும்” என்று கும்பிட்டார். அவருக்கும் அண்ணி அதே “விசாரணையில சொல்றேன்”தான். அவர் போனதும் நான் ஆரம்பித்தேன்.

“ஏன் அண்ணி, ஊர்ல இருக்கிற சுவரொட்டி எல்லாத்துக்கும் பேச உங்களுக்கு வாய் இருக்கு. சொந்த வீட்டுக்குப் பேச இல்லையா? அந்தப் பின்சுவத்துக்கு நான் செங்கல் சொமந்தேன். தெரியுமில்ல?”

“அக்கா, அவ கேக்கிறதும் நியாயந்தானே” என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான வாக்கியம் அது.

அண்ணி எழுந்து தன் அறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, பழுத்துப்போன ஒரு தாளை என் முன்னால் வைத்தார். அதே கடிதம். அதே தேதி, அதே வரிகள். கையெழுத்து மட்டும் இல்லை. இரண்டாவது வரியில் ‘இக்கரையில்’ என்பதற்குப் பதில் ‘அக்கரையில்’ என்று இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவரு சொன்னது இதுதான்” என்றார் அண்ணி. “அந்தக் கரை விடுதியில உக்காந்துதான் சொன்னாரு. வாத்தியார் சொல்றது சரி. ஆனா அவரு ஜன்னல் வழியா நம்ம கரையக் காட்டிக் கண்ணாடியக் கழட்டிக்கிட்டுச் சிரிச்சாரு. ‘அதோ, அக்கரையில துணி காயுது பாருங்க. ஆளில்லாத நிலத்துல யாரு துணி காயப் போட்டாங்களாம்?’ன்னாரு. நானும் பாத்தேன். அது நம்ம வீட்டுக் கொடி. எங்க அம்மா போர்வ தொவச்சுப் போட்டிருந்தாங்க. பச்சப் போர்வ.”

அப்போது அண்ணிக்கு வயது இருபத்தொன்று. தற்காலிக வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுருக்கெழுத்தில் வேகமாக எழுதும்போது உயிரெழுத்துக்குரிய புள்ளியை வைக்க மாட்டார்களாம், கோட்டை மட்டும் இழுத்துக்கொண்டு போவார்களாம். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஒரே கோடு. பக்கத்து அறையில் மிஷினில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்ததும் பச்சைப் போர்வை மனசில் வந்திருக்கிறது. நம் வீடு இருக்கிற கரை எந்தக் கரை? இக்கரை. விரல் அதைத் தட்டிவிட்டது. தலைவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ‘இந்தப் பொண்ணு வேலைய நான் படிச்சுப் பாக்க வேண்டியதில்ல’ என்று வேறு சொன்னாராம்.

“தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது?”

“மறுநாள் காலையில, நகலப் பாத்தப்ப. உடனே இதை அடிச்சு எடுத்துக்கிட்டுப் படகுத்துறைக்கு ஓடினேன். தலைவர் கார்ல ஏறிக்கிட்டிருந்தாரு. எங்க மேலதிகாரி திரும்பிப் பாத்து, ‘என்னம்மா?’ன்னாரு.” அண்ணி தாளின் மடிப்பை விரலால் நீவினார். “ஒண்ணுமில்ல சார்னுட்டேன்.”

அந்த ஒரு ‘ஒண்ணுமில்ல சார்’க்காகத்தான் நாற்பத்தோரு வருஷமாக ஊரில் இருக்கிற பால் சீட்டையெல்லாம் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாரா என்று தோன்றியது. எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. என் கெட்டுப்போன பாலுக்குக் குறுக்கே ‘ப்’ போட்ட கை, கையெழுத்து இல்லாத இந்தத் தாளைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறதே!

“விசாரணையில நீங்க போய்த் தப்பா அடிச்சுட்டேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? வீடு இந்தக் கரையில இருக்கு, அதுக்காகப் பொய் சொல்றாங்கம்பாங்க. பேசாம மரக்கடைக்காரர் சொன்ன மாதிரி இந்தக் கரையில அடிச்சேன்னு சொல்லிடுங்க. முடிவு ஒண்ணுதானே? நம்ம கரையத்தானே அவரு சொன்னாரு?”

“முடிவு ஒண்ணுதான்” என்றார் அண்ணி. “வழி தப்பு.”

நான் தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்குச் சலவை மிஷினில் பத்துத் துணிக்குப் பதில் இருபது துணியைப் போட்டு அதை நின்றுபோகச் செய்தேன்.

விசாரணை எங்கே நடந்தது தெரியுமா? அந்தக் கரையில், அதே விருந்தினர் விடுதியில். வேறு இடமே கிடைக்கவில்லைபோல. நாங்கள் பதினைந்து பேர் படகேறிப் போனோம். நீளமான அறை, பச்சைத் துணி விரித்த மேசை, சுழலும்போது டக்டக்கென்று அடித்துக்கொள்ளும் மின்விசிறி. ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று. விசாரணை அதிகாரி ஒரு பெண். என்னைவிடச் சின்னவராக இருப்பார். பேசும் முன்பு எதிரே இருப்பவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்.

அண்ணி எழுந்து நின்றார். இந்தக் கட்டடத்தில்தான் தட்டச்சு செய்தேன் என்றார். மரக்கடைக்காரர் “போச்சு” என்று வாய்விட்டே சொன்னார். பிறகு, அந்த வார்த்தை என் பிழை என்றார். பச்சைப் போர்வையைச் சொன்னார். பழுத்த தாளைக் கொடுத்தார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கையெழுத்து இல்லையேம்மா” என்று ஓரமாக வைத்தார்.

கணக்கு வாத்தியார் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“அம்மா, முப்பத்தேழு வருஷ வேலையில நீங்க தப்பா அடிச்ச கடுதாசி வேற ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“வீட்டுல, தெருவுல, கைப்பட எழுதினதுல?”

“இல்ல.”

“அப்ப வாழ்க்கையில ஒரே ஒரு தப்பு. அதுவும் உங்க வீட்டக் காப்பாத்துற தப்பு.” அவர் எங்கள் பக்கம் திரும்பினார். “உங்க நாத்தனார் தப்பா ஒரு எழுத்து எழுதி நீங்க பாத்திருக்கீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

அறை முழுக்க என்னைப் பார்த்தது. இருபத்தாறு வருஷத்தைக் குடைந்து குடைந்து தேடினேன். மளிகைச் சீட்டு, மருந்துச் சீட்டு, என் மகளுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய விடுப்புக் கடிதம். ஒன்றாவது? ஒரே ஒரு ஒற்றெழுத்தாவது? கிடையாது. ஒரு நாளாவது ஒரு தப்புச் செய்ய மாட்டாரா என்று எத்தனை முறை ஏங்கியிருக்கிறேன்! இப்போது அந்த ஒன்று தேவைப்படும்போது கையில் இல்லை. பொய் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அது உள்ளேயே போய்விட்டது.

“பாத்ததில்ல சார்” என்றேன்.

பின்சுவரில் நான் சுமந்த செங்கல் ஒவ்வொன்றும் என் தலையில் விழுந்ததுபோல இருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி, “சரிம்மா, நீங்க சொன்னத உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க” என்று வெள்ளைத் தாளை நீட்டினார். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து இருபது நிமிஷம் எழுதினார். நடுநடுவே ஆற்றுக்கு அப்பால் பார்த்துக்கொண்டார். அங்கே எங்கள் மாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. காலையில் நான் போட்டுவிட்டு வந்தது.

அதிகாரி தாளை வாங்கி, விதிப்படி சத்தமாகப் படித்தார்: “நான் இக்கரையில் பிறந்து வளர்ந்தவள். சம்பவ நாளில், இக்கரையில் உள்ள எங்கள் வீட்டுக் கொடியில் என் தாயார் போர்வை உலர்த்தியிருந்தார். தலைவர் அதைச் சுட்டிக்காட்டி, அக்கரையில் என்று கூறினார். இக்கரைப் பெண்ணாகிய நான் அதனை…”

நிறுத்தினார். மறுபடி முதல் வரிக்குப் போனார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அம்மா, இப்ப நாம எந்தக் கரையில உக்காந்திருக்கோம்?”

அண்ணிக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. இது என்ன பேச்சு என்பதுபோல நிமிர்ந்து, “அக்கரையில” என்றார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எங்கள் பக்கம் எல்லோரும். உட்கார்ந்திருக்கிற கரையை அக்கரை என்கிறார், ஆற்றைத் தாண்டி இருக்கிற கரையை இக்கரை என்கிறார், அதையும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்! நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணிக்கு மட்டும் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“குடுங்க அதை” என்று மேசைக்குப் பாய்ந்தார். “தப்பா இருக்கு. திருத்தித் தர்றேன்.”

“திருத்தக் கூடாதும்மா. இது இப்படியே கோப்புல இருக்கட்டும்.”

“மூணு எடத்துல தப்பு இருக்கும்மா! இதைப் போய்க் கோப்புல வெப்பாங்களா யாராவது?”

கணக்கு வாத்தியார் தன் நோட்டை மூடினார். “விடை வந்துடுச்சு” என்றார். நியாயமான மனுஷர். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் தன் கரை ஆட்களின் பக்கம் திரும்பியபோது, அவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

படகில் திரும்பும்போது மரக்கடைக்காரரும் மற்றவர்களும் ஒரே கும்மாளம். அண்ணி ஓரத்தில் உட்கார்ந்து, அரசாங்கக் கோப்பில் தப்பான தாளை வைக்க விட்டதற்காக அந்த அதிகாரியைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு சந்தேகம் அரித்தது. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

“அண்ணி, உண்மையச் சொல்லுங்க. வேணும்னேதானே எழுதினீங்க?”

“தெரிஞ்சு செய்றவ ஒரு எடத்துல செய்வா” என்றார். “எழுத்துல மூணு, வாயில ஒண்ணு. எனக்கு வெக்கமா இருக்குடி.” முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. தலைவர் குறிப்பிட்டது எங்கள் கரையை. அறுபத்து நாலு வீட்டுக்கும் உரிமைப் பத்திரம். அந்தக் கரைக்காரர்கள் வேறு சான்று காட்டப் பத்து வாரம் அவகாசம். எங்கள் தெருவில் இரண்டு நாள் ஒலிபெருக்கி அலறியது. பதாகையில் ‘கறை’ இன்னும் அப்படியேதான் தொங்கியது.

மூன்றாம் நாள் நான் ஷிப்டு முடிந்து வந்தால், என் சாப்பாட்டு மேசையில் அண்ணியின் பழைய தட்டச்சு மிஷின். எதிரே கணக்கு வாத்தியார். தரையெல்லாம் கரையான் அரித்த வருகைப் பதிவேடுகள். அந்தக் கரையில் எந்தக் காலத்திலிருந்து எந்த வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள் என்பதற்குச் சாட்சியாம். அதை வைத்து அவர்களுக்கு மனு தயாராகிறது.

“அண்ணி, நம்ம வீடு பொழச்சதே பெரிசு. இது யாரு வேல?”

“என் வேல” என்றார். “என் தப்பால மூணு மாசம் அவங்க நம்பிக்கையா இருந்துட்டாங்க.”

மரக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டக்டக்கென்று அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே அடித்தது. எத்தனை நாள் பொறுத்துப்போவது என்று ஒருநாள் நான் நன்றாகக் கத்தவே போனேன். அதற்குள் அண்ணி கடைசித் தாளை உருவி, மற்றதோடு அடுக்கி, என் பக்கம் நீட்டினார். மேலே அவருடைய சிவப்புப் பேனா.

“அனுப்புறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ படிச்சுப் பாரு” என்றார்.

இவர் எழுதியதை நான் படித்துப் பார்ப்பதா! வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கி, அந்தக் கரை மக்களின் சார்பில் எழுதிய அந்த மனுவை முதலிலிருந்து படித்தேன்.

மூன்றாவது வரியிலேயே இருந்தது: ‘அக்கரையில் வசிக்கும் நாங்கள்’.

வட்டம் போட்டேன். அண்ணி பார்த்தார். புதுத்தாள் ஒன்றை எடுத்து மிஷினில் செருகினார்.